றுஷ்தாவின் பெயரை எங்கே எழுதுவது

சேசு மரி சூசை

பேசாலை
06.03.2025

குல்சூம் ராத்தாவுக்கு,

போனிலே நான் சொல்லி முடிக்க முதல் நீங்கள் வைத்துவிட்டீர்கள். பிறகு எடுத்தால் மணி அடிக்குது, ஆள் இல்லை. ஆகவே எழுதி, ஐஸ் லொறி அஸ்மியிடம் கொடுத்துவிடுகிறேன். கடிதம் மீன் மணக்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ. எழுத்திலே ஒரு நன்மை, இடையிலே வெட்டிக் கதைக்க ஏலாது.

முதலில் அரசாங்கக் கந்தோரிலே நடந்ததைச் சொல்லுகிறேன். இவ்வளவு காலமும் நாங்கள் இரண்டு பேரும் வாய்ச்சொல்லிலேதான் இந்த வேலையைக் கொண்டு போனோம். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள், "அக்கா, அம்மா படுக்கையில, ஒரு நல்ல ஆள் பாருங்கோ" என்று கேட்பினம். இந்தத் தீவுப் பக்கத்திலே ஆள் பிடிக்கிறது நான், முசலிப் பக்கத்திலே நீங்கள். இனி அப்படி ஏலாதாம். வீடுகளுக்குப் பராமரிக்க ஆள் அனுப்புகிறவர்கள் பதிந்து உரிமம் எடுக்க வேண்டும். அனுப்புகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் பொலிஸ் நற்சான்று, சுகச் சான்று, கிராம அலுவலரின் வதிவிடச் சான்று வேண்டும். அது இல்லாத ஒருத்தியை அனுப்பியது தெரிய வந்தால் உரிமம் போகும். அவளோடு சேர்ந்து மற்ற எல்லாருடைய வேலையும் போகும்.

நான் சும்மா தலையாட்டிவிட்டு வரவில்லை. அதிகாரி அம்மாவிடம் கேட்டேன், "நாங்கள் ஆளைக் காட்டி விடுறது மட்டுந்தானே, சம்பளம் குடுக்கிறது வீட்டுக்காரர். எங்களுக்கு ஏன் உரிமம்?" என்று. அவ சொன்னா, "அம்மா, கதவைத் திறந்து ஒரு ஆளை உள்ளே விடுறது நீங்கள். உள்ளே படுத்திருக்கிறவரால எழும்பி ஓட ஏலாது. அதுக்குத்தான்."  சரியான கதைதானே, ராத்தா.

இனி றுஷ்தாவின் விசயம். உங்கள் கூடப்பிறந்த நானாவின் மகள், எனக்கும் பிள்ளை மாதிரித்தான். நானாட்டானிலே படுக்கையிலே இருக்கிற மனோன்மணி டீச்சரை அவள் பார்க்கிற மாதிரி ஒருவராலும் பார்க்க ஏலாது. ஆனால் அவளுடைய பெயர் இன்னும் புத்தளத்திலே கிடக்கிறது. அங்கத்தைய கிராம அலுவலர், "பேர் இருக்கு, ஆள் இல்லை" என்கிறார். உங்கள் சிலாவத்துறையில் உள்ளவர், "ஆள் வந்து போறா, பேர் இல்லை" என்கிறார். இரண்டு பேரும் சான்று தரவில்லை. அது இல்லாமல் பொலிஸிலும் எடுக்க ஏலாது. அதனாலேதான் அவளை விட்டுவிட்டு மற்றவர்களின் பெயரை எழுதினேன். டீச்சரைப் பார்க்க எங்கள் ஊர் அன்னப்பிள்ளையை யோசித்திருக்கிறேன். அவவிடம் எல்லாச் சான்றும் இருக்கிறது.

உரிமம் எங்கள் இரண்டு பேருடைய பெயரிலும்தான் கேட்டிருக்கிறேன். உங்கள் கையெழுத்து வேண்டும். கோபத்தை வைத்துக்கொண்டாவது வையுங்கோ.

நோன்பு நேரம், உடம்பைக் கவனியுங்கோ. நானும் தவக்காலம் பிடித்திருக்கிறேன்.

அருளம்மா

*

786

சிலாவத்துறை
09.03.2025

அருளம்மா,

உங்கட கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சன். மீன் மணம் பரவாயில்ல. உள்ள இருந்த மணம்தான் பொறுக்கேலாமக் கிடந்தது.

பட்டியல் எழுதி முடிச்ச பிறகு எனக்குச் சொல்லுறீங்க. எழுத முதல் சொல்லியிருந்தா நான் என்ன உங்கட பேனையையா பறிச்சிருப்பன்? பறிச்சிருப்பன்தான். அதுக்குத்தான் சொல்லல்ல.

நம்மட பழக்கம் உங்களுக்கு மறந்து போச்சா? ஒரு வீட்டுக்கு ஆள் அனுப்ப முதல் நம்மள்ல ஒராள் போய், விடிஞ்சதில இருந்து பொழுது படுமட்டும் அந்தக் கட்டிலடியில இருப்பம். நோயாளி எப்பிடிச் சாப்பிடுறா, எதுக்குக் கத்துறா, வீட்டுக்காரன் எப்பிடிக் கதைக்கிறான், எல்லாம் பார்த்துத்தான் ஆளை யோசிப்பம். டீச்சர் வீட்டில நான் இருந்தன். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து, வாய் கோணி, அவ சொல்லுறது ஒருத்தருக்கும் விளங்கல்ல. விளங்காதெண்டு அவ கோப்பையை எறிஞ்சா. றுஷ்தாதான் கொஞ்சம் கொஞ்சமா அவட கதையப் பிடிச்சாள். இப்ப ரெண்டு பேரும் பேப்பர் வாசிச்சுச் சண்டை பிடிக்கிறாங்க. அதுக்கு எந்தக் கந்தோர் சான்று தரும்?

பேர் புத்தளத்தில கிடக்கெண்டு நீங்க எழுதின மாதிரி லேசில்ல அது. தொண்ணூறில முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரை விட்டுப் போகச் சொன்ன நேரம் உடுத்த உடுப்போட வெளிக்கிட்டம். அவள் புத்தளத்து முகாமில பிறந்தவள். வாப்பாவும் உம்மாவும் அங்கயே மௌத்தாகி, அடக்கினதும் அங்கதான். நான் கையில பிடிச்சுக் கொண்டு இந்த ஊருக்குத் திரும்பி வந்தன். அவள்ட பேரை இங்க மாத்தச் சொல்லி நான் குடுத்த விண்ணப்பம் இன்னும் ஏதோ ஒரு மேசையில நித்திரை. நம்மட பிள்ளைட பேரை ரெண்டு அரசாங்கக் கந்தோர் எழுத மாட்டம் எண்டிச்சு. மூண்டாவதா நீங்களும் எழுத மாட்டம் எண்டிட்டீங்க.

உரிமத்தை நீங்களே வச்சிக்கொள்ளுங்க. என்ட பேரையும் எடுத்திருங்க. ஒரு குடும்பத்தில ஒராளை மட்டும் ஏன் வெட்டுவான்?

உம்மு குல்சூம்

*

சேசு மரி சூசை

பேசாலை
14.03.2025

குல்சூம் ராத்தாவுக்கு,

உங்கள் பெயரை எடுக்க மாட்டேன். நீங்கள் எத்தனை கடிதம் எழுதினாலும் அந்த இடம் கையெழுத்துக்காகக் காலியாய்த்தான் இருக்கும்.

பழக்கத்தை மறக்கவில்லை. அதைக் காட்டத்தான் நேற்று அன்னப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நானாட்டானுக்குப் போய் நாள் முழுக்க இருந்தேன். நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். நீங்கள் சிரிக்கலாம்.

அன்னப்பிள்ளை உள்ளே போன உடனே கட்டிலடியிலே முழங்காலிலே நின்று சத்தமாய்ச் செபமாலை தொடங்கிவிட்டா. மனோன்மணி டீச்சர் சைவம். கண்ணை மூடிக்கொண்டா. பிறகு அன்னப்பிள்ளை தன்னைப் பற்றிச் சொன்னா, "பயப்படாதேங்கோ டீச்சர், நான் பார்த்து அனுப்பின ஆக்கள் கனபேர்." டீச்சர் என்னமோ சொன்னா. றுஷ்தா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்கு ஓடினாள். நான் பின்னாலே போய்க் கேட்டேன். "எங்க, சுடலைக்கோ எண்டு கேக்கிறா, அருளம்மா மாமி" என்றாள்.

அதுவரைக்கும் சிரிப்பு. மத்தியானம் கஞ்சி கொடுக்கிற நேரம் டீச்சர் வாயைத் திறக்கவில்லை. அன்னப்பிள்ளை கெட்டவ இல்லை, ராத்தா. பொறுமையாய்க் கரண்டியைப் பிடித்துக்கொண்டு இருந்தா. கஞ்சி ஆறிப்போனது. றுஷ்தா வாங்கிக் கொடுத்த பிறகுதான் குடித்தா. வரும்போது பஸ்ஸிலே அன்னப்பிள்ளை சொன்னா, "எனக்கு வேற வீடு பாருங்கோ அக்கா. அந்த மனிசிக்கு ஆள் இருக்கு."

கனடாவிலிருந்து டீச்சரின் மகன் யசோதரன் பேசினார். சான்று உள்ள ஆள்தான் வேண்டுமாம், இல்லாவிட்டால் வேறு இடத்திலே பார்ப்பாராம். அவரைக் குறை சொல்ல ஏலாது. தூரத்திலே இருக்கிறவருக்குக் கடதாசியைத் தவிர வேறு என்ன தெரியும்?

வருகிற செவ்வாய்க்கிழமை அதிகாரி அம்மா என் வீட்டுக்கு வந்து பார்க்கப் போறாவாம். நாங்கள் அனுப்பினவர்களிலே பட்டியலில் இல்லாத ஆரும் வேலை செய்கிறார்களா என்று கேட்பாவாம். றுஷ்தாவை அந்த வீட்டிலிருந்து எழுப்பவும் மனம் இல்லை. பொய் சொல்லவும் வாய் வராது. என் புருசன் எமிலிடம் கேட்டேன். "இல்லை எண்டு சொல்லிப்போட்டுப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போ" என்கிறார். கடலிலே இருக்கிற மனிசருக்கு எல்லாம் லேசு.

எனக்காகத் துவாச் செய்யுங்கோ. கோபம் இருந்தாலும் செய்யுங்கோ.

அருளம்மா

*

786

சிலாவத்துறை
17.03.2025

அருளம்மா,

இனி நீங்க யோசிக்கத் தேவையில்ல. றுஷ்தாவை நேத்துக் கூட்டிக் கொண்டு வந்திட்டன்.

நாளைக்கு அந்த அம்மா கேட்டா, "எல்லாரும் பட்டியல்ல இருக்கிறாங்க" எண்டு நெஞ்சை நிமித்திச் சொல்லுங்க. அது இப்ப உண்மை. உங்கட வாயில பொய் வரவும் வேணாம், உங்கட தவக்காலம் முறியவும் வேணாம். மத்தப் பிள்ளைகள்ட அடுப்பு எரியட்டும். அவங்களும் நான் கூட்டி வந்து விட்டவங்கதானே.

டீச்சருக்குப் பக்கத்து வீட்டு மனிசி ரெண்டு மூண்டு நாள் பார்ப்பாவாம். வெளிக்கிடக்க டீச்சர் இடக்கையால இவள்ட தாவணியப் பிடிச்சிட்டா.  இவள் விரலை ஒண்டொண்டா எடுத்துவிட்டு, "டீச்சர், பத்துப் போடுற மருந்து சின்ன மேசையில இருக்கு" எண்டு சொல்லிட்டு வந்தாள்.  வீட்டுக்கு வந்து, நோன்பு துறந்து, கோப்பை கழுவக்க எனக்கிட்டக் கேட்டாள், "மாமி, டீச்சர இடப்பக்கமாத் திருப்பிப் படுக்க வைக்க வேணுமெண்டு அந்த மனிசிக்குச் சொன்னீங்களா?"

நான் சொல்லல்ல. மறந்திட்டன்.

உம்மு குல்சூம்

*

சேசு மரி சூசை

பேசாலை
18.03.2025, பின்னேரம்

குல்சூம் ராத்தாவுக்கு,

சந்தோசத்திலே எழுதுகிறேன். அதிகாரி அம்மா வந்துவிட்டு இப்பதான் போறா.

எல்லாவற்றையும் பார்த்தா. சான்றுகளைப் பார்த்தா. பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டா. எமில் வலையைத் தைக்கிற மாதிரி இருந்துகொண்டு எனக்குக் கண்ணைக் காட்டுகிறார், "இல்லை எண்டு சொல்லு" என்று. நான் சொன்னேன், "ஒராள் இருக்கிறா, மிஸ்."

அவ பேனையை வைத்துவிட்டா. எமில் எழும்பி வெளியே போய்விட்டார். "இதை ஏன் சொன்னீங்கள்?" என்றா. "நீங்கள் கேட்டீங்கள்" என்றேன். வேறு என்ன சொல்ல? பிறகு றுஷ்தாவின் கதையை முழுக்கச் சொன்னேன். புத்தளம், சிலாவத்துறை, எல்லாம். டீச்சர் கஞ்சி குடிக்காததையும் சொன்னேன். அவ பேனையைத் திரும்ப எடுத்துக்கொண்டு கேட்டா, "அவ இப்ப எங்க படுத்து எழும்புறா?"

"டீச்சர் வீட்டில."

"அப்ப அவ அந்த வீட்டு ஆள்தானே. ஏன் புத்தளத்தையும் சிலாவத்துறையையும் பிடிச்சு இழுக்கிறீங்கள்?"

நாங்கள் இதை யோசிக்கவே இல்லை, ராத்தா! டீச்சர் வீட்டுத் தலைவி. தன் வீட்டிலே இன்னார் இருக்கிறா என்று அவ எழுதிக் கொடுத்தால், நானாட்டான் கிராம அலுவலர் வந்து நேரிலே பார்த்து உறுதி செய்வார். பிறகு பெயர் அங்கே மாறும், சான்று வரும், பட்டியலிலே சேரும். ஒரு இடத்திலேதான் பெயர் இருக்கலாம். ஆகையாலே உங்கள் ஊரிலே கிடக்கிற விண்ணப்பத்தைத் திருப்பி எடுக்க வேண்டும். அவ அங்கே இருந்தே போன் பண்ணி நாள் கேட்டா. 26ஆம் திகதி புதன்கிழமை அவர் வருகிறார். அதுவரைக்கும் எங்கள் உரிம விண்ணப்பத்தை ஒதுக்கி வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போறா.

இதை எழுதி மடிக்கும்போது அஸ்மி உங்கள் கடிதத்தைக் கொண்டு வந்து தந்தார். வாசித்தேன்.

என்ன வேலை பார்த்தீங்கள், ராத்தா! "டீச்சர் வீட்டில" என்று நான் சத்தியமாய்ச் சொன்ன நேரம் பிள்ளை சிலாவத்துறையிலே கோப்பை கழுவுகிறாள். பொய் சொல்லக்கூடாது என்று பயந்து பயந்து, கடைசியிலே சொல்லிவிட்டேன். கிராம அலுவலர் வந்து பார்க்கிற நேரம் அவள் அங்கே இருக்க வேண்டும். நாளைக்கு விடிய முதல் பஸ்ஸிலே அனுப்புங்கோ.

அருளம்மா

*

786

சிலாவத்துறை
21.03.2025

அருளம்மா,

முதல் பஸ்ஸும் போயிட்டு, ரெண்டாம் பஸ்ஸும் போயிட்டு. நான் அனுப்பல்ல. கோபத்தில இல்ல, கேளுங்க.

இந்த ஊருக்குத் திரும்பி வரக்க இங்க ஒரு வீடும் இல்ல, பத்தைக் காடு. நாங்க வந்து செஞ்ச முதல் வேலை பேர் பதிஞ்சது. மரத்துக்குக் கீழ மேசை போட்டு எழுதினாங்க. என்ட பேரை எழுதக்க நான் அழுதன். நம்மட மண்ணில நம்மட பேர். புத்தளத்தில பதிஞ்சவளெண்டு றுஷ்தாவ அண்டைக்கு எழுதல்ல. அவள்ட பேரையும் ஒருநாள் அதில பார்க்க வேணுமெண்டு நான் ஏறாத படி இல்ல. அவள்ட வாப்பாட காணி இங்க கிடக்கு, பேர் இல்லாம அவளுக்கு அது சொந்தமில்ல. இப்ப நீங்க சொல்லுறீங்க, அந்த விண்ணப்பத்தத் திருப்பி எடுத்து வேற ஊராக்கள்ட வீட்டில அவள்ட பேரை எழுதட்டாம். டீச்சர் நல்லவ. அல்லாஹ் அவக்கு ஆயுளைக் குடுக்கட்டும். ஆனா அவ கண்ணை மூடினா அந்த மகன் வீட்டை வித்திட்டுப் போவான். அப்ப இவள்ட பேர் எங்க போகும்? திரும்பவும் பேரில்லாதவள்.

இதெல்லாம் நான் ரெண்டு நாளா எனக்குள்ள கதைச்சுக் கொண்டிருந்தன். நேத்துப் பின்னேரம் கஞ்சி காய்ச்சக்க அவளே வந்து கேட்டாள், "மாமி, நீங்களும் அருளம்மா மாமியும் என்னைப் பத்தி எத்தினை கடிதம் எழுதிட்டீங்க? ஒண்டிலயாவது எனக்கிட்டக் கேட்டீங்களா?"

எனக்குச் சுருக்கெண்டிச்சு. "சரி, இப்பக் கேக்கிறன், சொல்லு" எண்டன்.

"பேர் அங்க இருக்கட்டும்."

"உன்ட வாப்பாட காணி?"

"வாப்பாட பேரில இருக்குத்தானே. அது எங்கயும் ஓடாது. பேரைப் பிறகும் மாத்தலாம், மாமி. டீச்சரப் பிறகு பார்க்கேலா."

"மகன்காரன் உன்னை வீடு பிடிக்க வந்தவள் எண்டு சொல்லுவான்."

"சொல்லட்டும். ஆனா ஒண்டு, மாமி. கந்தோர் சொல்லித்தான் எழுதினது எண்டு வேணாம். டீச்சர் கேக்கட்டும். அவ கேட்டா நான் இருப்பன்."

இருவது வருசமா நான் வளத்த பிள்ளை, எனக்குப் புத்தி சொல்லுது. ஞாயிற்றுக்கிழமை அனுப்புறன், அதுமட்டும் டீச்சரப் பக்கத்து வீட்டு மனிசியே பார்ப்பாவாம். கட்டாயம் நீங்க புதன்கிழமை அங்க நில்லுங்க. அந்த மகன் ஏதும் கதைச்சா அவளுக்குப் பக்கத்தில ஒரு பொம்பிளை இருக்கணும்.

உம்மு குல்சூம்

*

சேசு மரி சூசை

நானாட்டான் போய் வந்து, பேசாலையிலிருந்து
27.03.2025

குல்சூம் ராத்தாவுக்கு,

நேற்று நான் அவளுக்குப் பக்கத்திலேதான் நின்றேன். ஒன்றும் விடாமல் எழுதுகிறேன்.

கிராம அலுவலர் ஒரு இளந்தாரி, மரியாதையான பிள்ளை. படிவத்தை விரித்த உடனே யசோதரனின் போன் வந்தது. றுஷ்தா போனைக் கட்டிலிலே வைத்தாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. அவர் சொன்னார், "அம்மா, யோசிச்சுச் செய்யுங்கோ. வீட்டில பேர் போட்டா நாளைக்குக் காணியும் கேப்பினம். நான் அவவப் பிழையாய்ச் சொல்லேல்ல. உலகம் அப்பிடி." றுஷ்தா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறக்கப் போனேன். டீச்சர் என்னைப் பார்த்த பார்வையிலே மூடிவிட்டேன்.

பிறகு அவ கதைக்கத் தொடங்கினா. நீளமாய், கோபமாய். எங்கள் ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. போனிலே மகன், "அம்மா என்ன சொல்லுறா? றுஷ்தா, என்ன சொல்லுறா?" என்று கேட்கிறார். கிராம அலுவலரும் அவளைப் பார்க்கிறார். அவள், "நான் சொல்ல மாட்டன் சேர். இது என்னைப் பத்தின கதை. நான் சொன்னா நான் இட்டுக் கட்டினதாப் போகும்" என்றாள். முகம் சிவந்துபோனது. எனக்குத் தெரியும் ராத்தா, டீச்சர் சொன்னது அவளுக்குச் சந்தோசமான கதைதான். அதனாலேதான் அவளாலே சொல்ல ஏலாமல் போனது.

டீச்சர் இடக்கையை நீட்டினா. பேனையைக் கேட்டா. கிராம அலுவலர் படிவத்தைப் பலகையிலே வைத்துப் பிடித்தார். தன் பெயருக்குக் கீழே எழுதினா. ஒவ்வொரு எழுத்தும் கோணல். நெற்றி வேர்த்தது, றுஷ்தா துடைக்கப் போக, கையாலே தட்டிவிட்டா. எழுதி முடிக்க நான் எட்டிப் பார்த்தேன். றுஷ்தாவின் முழுப் பெயரும், வாப்பாவின் பெயரோடு இருந்தது.

அடுத்த இடத்திலே வீட்டுத் தலைவருக்கு என்ன முறை என்று எழுத வேண்டும். "வேலையாள் எண்டு போடவோ, டீச்சர்?" என்று அவர் கேட்டார். தலையை ஆட்டினா, இல்லை. "உறவெண்டு போட ஏலாதே" என்றார். அதற்கும் இல்லை. திரும்பவும் பேனையை வாங்கி ஒரே ஒரு சொல் எழுதினா: "இருப்பவர்."

அவர் அதை வாசித்தார். "இதில முறைதான் கேட்டிருக்கு. ஆனா நான் பார்க்க வந்ததும் இதைத்தான்" என்று சொல்லி ஒப்பம் வைத்தார்.

பிறகு டீச்சர் றுஷ்தாவைப் பார்த்து ஒன்று கேட்டா, சின்னதாய். அவள், "ஓம் டீச்சர், இருக்கிறன்" என்றாள். அது என்ன கேள்வி என்று நான் கேட்கவில்லை. மகன் போனை வைத்துவிட்டார் என்று நினைத்தோம். பிறகு அவருடைய குரல் வந்தது, "றுஷ்தா, அம்மா இண்டைக்கு ஒழுங்காச் சாப்பிட்டாவோ?"

றுஷ்தாவின் பெயரையும் சேர்த்துப் பட்டியலைத் திரும்ப எழுதியிருக்கிறேன், அவளுடைய சான்றுகள் வந்த பிறகுதான் கந்தோருக்குக் கொடுப்பேன். இந்த முறை அனுப்ப முதல் உங்களுக்கு அனுப்புகிறேன், பேனையைப் பறிக்க வேண்டுமென்றால் பறியுங்கோ. உங்கள் கையெழுத்து இல்லாமல் கொடுக்க மாட்டேன். முசலியிலே விண்ணப்பத்தைத் திருப்பி எடுக்கிறது உங்கள் கையாலேதான் நடக்க வேண்டும். அது உங்களுக்கு எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். அதை லேசு என்று எழுத மாட்டேன்.

அருளம்மா

*

786

சிலாவத்துறை
02.04.2025

அருளம்மா,

பட்டியலைப் பார்த்தன். கையெழுத்தும் வச்சிருக்கிறன், அஸ்மி கவனமாக் கொண்டு வருவார். மீனுக்கு மேல வைக்க வேணாமெண்டு சொல்லியிருக்கிறன். அன்னப்பிள்ளைய விடத்தல்தீவில ஆள் தேடுற கிழவருக்கு அனுப்புவம். அவருக்குக் காது கேக்காது, செபமாலை தொந்தரவில்ல.

பெருநாளுக்கு முதல் வெள்ளிக்கிழமை முசலிக் கந்தோருக்குப் போனன். விண்ணப்பத்தத் தேடி எடுக்க அந்தப் பொடியனுக்குக் கன நேரம் போச்சு. தூசு தட்டித் தந்திட்டு, "உறுதியா, உம்மா?" எண்டு கேட்டான். எனக்கு உறுதியில்ல. ஓம் எண்டன். திருப்பி எடுக்கிறதுக்கும் ஒரு கையெழுத்து வைக்கணுமாம். வச்சிட்டன். வெளிய வந்து அந்த மரத்தடியில கொஞ்சம் இருந்திட்டுத்தான் வீட்டுக்கு வந்தன்.

பெருநாளுக்கு றுஷ்தா வந்தாள். விடிய வந்து, குளிச்சு, புது உடுப்புப் போட்டு, எனக்குப் பக்கத்தில இருந்து சாப்பிட்டாள். நான் அவளை ரெண்டு நாள் மறிச்சு வைக்கணுமெண்டுதான் நினைச்சிருந்தன். சாப்பிட்ட கையோட, டீச்சருக்கெண்டு வட்டிலாப்பத்தில ஒரு துண்டைத் தனியா எடுத்து மூடி வச்சாள். கொஞ்ச நேரத்தால வெயில் சாயுதோ எண்டு வாசல்ல போய்ப் பார்த்தாள். பிறகு தாவணிய எடுத்துத் தலையில போட்டுக்கொண்டு சொன்னாள், "மாமி, நேரமாகுது. நான் வீட்ட போறன்."

எந்த வீட்ட எண்டு நான் கேக்கல்ல. கேட்டிருந்தா அவள் யோசிச்சு வேற மாதிரிச் சொல்லியிருப்பாள். றோட்டுக்குக் கூட வந்து, பஸ்ஸுக்குக் கையை நீட்டினது நான்தான்.

உம்மு குல்சூம்